மைக்கை அணைக்க மறந்த மதியம்

நகராட்சி அலுவலகத்தில் அவள் பார்ப்பது தட்டச்சு வேலை. குரல் நன்றாக இருக்கிறதென்று யாரோ கிளப்பிவிட்டதில், குழாயில் தண்ணீர் வராத நாள், நாய்க்கு ஊசி போடும் நாள் எல்லாவற்றுக்கும் அவளையே வேனில் ஏற்றி அனுப்புவார்கள். ஊருக்கு அவள் மைக்கு அக்கா.

அன்று அவள் கையில் புயல் எச்சரிக்கை. நாளை விடிவதற்குள் கரையைக் கடக்கும். கடலோரத் தெருக்காரர்கள் நாலு மணி பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று முறை வாசித்தாள். ஜன்னல்களிலிருந்து கையசைத்தார்கள். "தொண்டை கட்டியிருக்கே, வெந்நீர் குடிம்மா" என்றார் ஒருவர். ஒரு பெட்டிகூடத் தெருவுக்கு வரவில்லை.

மணி மூன்றரை. கடைசி வீடு அவளுடையது. மாமியார் வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இன்னும் கிளம்பலையா?"

மாமியார் கிண்ணத்தோடு வேன் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "போன வாரமும் இப்படித்தான் வாசிச்சே. கொடியில காஞ்ச துணியெல்லாம் அள்ளிட்டு வந்தேன். ஒரு தூறல் போட்டுச்சா?"

"அது, வந்தாலும் வரலாம், பார்த்துக்கோங்கன்னு சொன்னது. இது எச்சரிக்கை. வந்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்."

"ரெண்டையும் நீதானே வாசிக்கிறே?"

"கூரையைப் பாருங்க அத்தை! சாதா மழைக்கே எட்டுப் பாத்திரம் வைக்கிறோம். நீங்க வரலைன்னா நானும் போகலை. கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு விடிய விடிய என் சமையலைக் குறை சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

எதிர்வீட்டில் சிரிப்பு வெடித்தது.

"அக்கா, மைக்கு ஆன்ல இருக்கு" என்றார் டிரைவர். காலையிலிருந்து தன் குரலையே கேட்டு மரத்துப்போன காது அவளுக்கு, உறைக்கவே இல்லை. தெரு மொத்தமும் வாசலில் நின்றது.

"எட்டுப் பாத்திரமா?" என்றார் தையல்காரர். "சொந்த மாமியாரையே இப்படிக் கெஞ்சுறியே, அப்ப எச்சரிக்கை நிஜந்தானா?"

மாமியாருக்கு முகம் சிவந்தது. வேனுக்குள் ஏறி மைக்கைப் பிடுங்கினார். "சிரிக்கிறீங்களா? தையல்காரரே, உங்க வீட்டு ஓட்டை வழியா நிலாவே தெரியுமே! மாடிவீட்டம்மா, உங்க ஜன்னலை சணல் கயிறுதானே பிடிச்சிருக்கு?"

தங்கள் முறை வருவதற்குள் ஆளாளுக்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். தெரு காலியாகிக்கொண்டு வந்தது. மாமியார் நிறுத்துவதாக இல்லை. அவள் டிரைவருக்குக் கண்ணைக் காட்டினாள். வேன் மெல்ல நகர்ந்தது.

திருப்பத்தில்தான் மாமியார் வெளியே பார்த்தார். "ஏய், என் வீடு எங்கே போகுது?" என்று ஊருக்கே கேட்டது.

"வீடு அங்கேயேதான் இருக்கு அத்தை. நாமதான் போறோம்."