ஸ்பெயின்காரர் அடித்த கோல்

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் சின்ன அறை மாமாவுடையது. அம்மாவின் தம்பி. அவர் சுவரில் இரண்டு படங்களை ஒட்டியிருந்தார். ஒன்று பிள்ளையார். மற்றது, ஸ்பெயின் நாட்டு உதைபந்தாட்ட வீரர் ஒருவர். கோல் அடிப்பதில் மன்னர் என்று பெயர் எடுத்தவர். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் அது. அகதியாக வந்தபோது பெட்டிக்குள் வேறு என்ன இருந்ததோ தெரியாது, அது இருந்தது.

மாமா ஊரில் பள்ளிக்கூட அணியின் கோல் காப்பாளராக இருந்தவர். அந்த ஸ்பெயின்காரரின் பந்து ஒன்றையாவது தடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. மற்றவர்கள் வீடு வாங்க ஆசைப்பட்ட காலம் அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அந்த ஆசை வீடு தேடி வந்தது. ஸ்பெயின்காரர் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் அவரைத் தெருவில் கண்டால் எதிரணி ரசிகர்கள்கூட ஓடிவந்து கை கொடுப்பார்களாம். லண்டனுக்கு வந்து அவர் தங்கியிருந்த ஹோட்டலில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டதும், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் இங்கே நடத்திய போட்டிக்குப் பிரதம விருந்தினராக வரச் சம்மதித்துவிட்டார். அவர் ஒரு பெனால்டி உதைத்துத் தொடக்கிவைப்பதாக ஏற்பாடு. கோலுக்குள் மாமா.

சங்கத் தலைவர் என் அப்பா. "விருந்தாளியாய் வாற மனிசன். அடிக்க விடும்," என்றார் மாமாவிடம்.

"மன்னிக்கவேணும் அத்தான், இது மட்டும் ஏலாது."

அப்பாவை எதிர்த்து மாமா பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் ஆட்கள் விருந்தினரை வந்தவுடன் பந்தடிக்க விட்டுவிடுவார்களா? அவர் சப்பாத்தைக் கழற்றி, ஈரப் புல்லில் வெறுங்காலோடு குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. பிறகு மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, எல்லாம் தமிழில். அவர் சிரித்தபடி கால் மாற்றி மாற்றி நின்றார், இடையிடையே முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். உட்கார ஒரு கதிரை கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒருவழியாகப் பந்தை வைத்தார்கள். நான் கோலுக்குப் பின்னால், கம்பத்தை ஒட்டி நின்றேன். அவர் ஓடி வரும்போதே நொண்டினார். பந்து சோர்ந்துபோய்க் கம்பத்துக்கு வெளியே உருண்டு வந்தது. மாமா சும்மா நின்றிருந்தால் போதும். மாமாவோ பாய்ந்தார். பந்து அவர் கையில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது.

மைதானம் ஆர்ப்பரித்தது. "பாத்தீங்களே, அந்தக் கால் இன்னும் அதே கால்தான்!" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். ஸ்பெயின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நேரே மாமாவிடம் போய், தன் பொன்னாடையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டார். தோற்றவருக்கு ஆறுதல் சொல்லும் பெருந்தன்மை என்று அதற்கும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. என் மாமா இவ்வளவு மோசமான கோல் காப்பாளரா?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "மாமா, பந்து வெளியாலதானே போனது?"

அவர் முன் இருக்கையில் இருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தார். "ஓம் பிள்ளை. ஒருத்தரிட்டையும் சொல்லாதை, என்ன?"

அதன்பிறகு சங்கத்தில் எல்லோரும் அவரை 'ஸ்பெயின்' என்று கூப்பிட்டுக் கேலி செய்தபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே காப்பாற்றப்பட்டது மாமாவின் மானம் அல்ல, விருந்தாளியின் மானம் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.