உடைந்தும் விடாத கண்ணாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து அவ்வளவாகத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் மூத்த மகனின் மகள்.

அந்த மகனின் புதுக் காரில் அச்சுவேலிக்கு ஒரு கலியாணத்துக்குப் போனோம். பட்டுச்சேலை கசங்கும் என்று நான் பெல்ட் போடவில்லை. வழியில் மாடு குறுக்கிட, அவன் காரை வெட்டித் திருப்பி மதகில் மோதினான். பக்கக் கண்ணாடி கற்கண்டாக நொறுங்கி என் மடியில் கொட்டியது. என் தலை முன்கண்ணாடியில் அடித்தது. அது சிலந்தி வலை போல் வெடித்து வெளியே புடைத்தது, ஆனால் விழவில்லை.

மகன் இறங்கி என் பக்கம் ஓடி வந்தான். தூக்கிவிடத்தான் வருகிறான் என்று நான் கையை நீட்டினேன். அவன் போனை நீட்டினான்.

"அம்மா, தலையைக் கொஞ்சம் விலத்துங்கோ. இன்சூரன்சுக்குப் படம் எடுக்கவேணும், வெடிப்பு வடிவாத் தெரியேல்லை."

விலத்திக் கொடுத்தேன். எடுத்து முடித்த பிறகுதான் என் நெற்றியைப் பார்த்தான்.

"ரத்தம் சீட்டில படாமல் துடையுங்கோ."

காரை இழுக்க வந்த கராச்சுக்காரர் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

"முன்கண்ணாடி ரெண்டு தகடு, ஆச்சி. நடுவில சவ்வு இருக்கு. உடைஞ்சாலும் அது பிடிச்சுக்கொண்டு நிக்கும். பக்கக் கண்ணாடி மாதிரி எண்டால் நீங்கள் றோட்டில கிடந்திருப்பியள்."

ஐந்து பெற்றவளை அன்று பிடித்துக்கொண்டது அந்தச் சவ்வுதான்.

பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி. இப்ப வேண்டாம். கொப்பர், என்ர மூத்தவன், வந்து சாப்பிட இருக்கட்டும், அப்ப சத்தமாய் வாசி.