ரெட்டைப்பேட்டும் ஒரு பேட்டியும்

எழுபதுகளின் தொடக்கத்தில் சுமார் ஒன்றரை வருஷம் நான் கழுத்துக்கு மேலே பிரதமராக இருந்தேன். கழுத்துக்குக் கீழே காஞ்சிபுரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் குமாஸ்தா. அப்போதே நாலு பேர் பார்த்துச் சிரித்திருந்தால் எனக்குப் புத்தி வந்திருக்கும். சிரித்தது ஒரே ஒரு ஆள், என் மனைவி. அவள் சிரிப்பை நான் பொருட்படுத்தவில்லை.

வியாதி தொற்றியது படிப்பகத்தில். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு படிப்பகம் இருந்தது. சாயங்காலம் தறியை விட்டு எழுந்து வருகிறவர்களுக்கு நான்தான் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அவர்களுக்கு வேண்டியது ரேஷனில் அரிசி போடுகிறானா, எந்தத் தியேட்டரில் என்ன படம், இந்த இரண்டும்தான். எனக்கு வேண்டியது வேறு. பிரதமர் வெளிநாடு போயிருந்தால், அங்கே நிருபர்களைச் சந்தித்த செய்தி எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடுவேன். அது அகப்பட்டுவிட்டால் அன்றைக்கு அரிசிக்கும் சினிமாவுக்கும் இடமில்லை.

அந்த நிருபர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. விருந்தாளியிடம் எதைக் கேட்கக்கூடாதோ அதைத் தேடிப் பிடித்துக் கேட்பார்கள். நம் பிரதமர் கோபப்படமாட்டார். கேட்டவரைப் பார்ப்பார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு நாலே வார்த்தை. சில சமயம் அந்த நாலும் கிடையாது. கேள்வியைக் கேட்டவர் தலையிலேயே திருப்பிக் கட்டிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்துப் புன்னகைத்து, அடுத்த ஆளிடம் முகத்தைத் திருப்பிவிடுவார். பேப்பரில் இவ்வளவும் இருந்ததா, நானாகச் சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. தலைச் சாய்ப்பு மட்டும் நிஜம். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் அரசாங்க நியூஸ் ரீலில் என் கண்ணால் பார்த்தேன். அந்த அரை நிமிஷத்துக்காக ஒரே படத்துக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை ரீல் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கூட வந்த மனைவிதான் பாவம், "கதாநாயகன் மூஞ்சியக்கூடப் பாக்க உடலியே" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஒத்திகை வீட்டில் நடக்கும்.

"கெரசின் வாங்கினு வந்தீங்களா?" என்பாள்.

நான் பார்ப்பேன். கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அப்புறம், "நீ என்ன நினைக்கிறாய்?" என்பேன், அச்சடித்த தமிழில்.

"வாங்கலன்னு நெனைக்கிறேன்."

தலையைச் சாய்ப்பேன்.

"இன்னாங்க, கழுத்து சுளுக்கிக்கிச்சா? எண்ணெ தடவட்டா?"

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? தூங்கும்போதுகூடத் தலை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

எங்கள் வீட்டில் நெசவாளி அவள்தான், நான் இல்லை. கூடத்தில் இருந்த குழித்தறி என் அப்பாவுடையது. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு ஓடும் நாடாவை எனக்கு வீசத் தெரியாது. நான் வீசினால் பாதி வழியில் நெடுக்கு நூலான பாவில் குத்திக்கொண்டு கீழே விழும். அப்பா பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் படிப்பா, தறியாவது பொழைக்கட்டும்" என்று எழுப்பிவிட்டார். நெசவுக்கார வீட்டிலிருந்து வந்த இவள் கல்யாணமான மறுமாதமே அந்தக் குழியில் கால் இறக்கி உட்கார்ந்தாள். சேலைக்கு இரண்டு பக்கமும் கரை வைப்பதை எங்கள் ஊரில் ரெட்டைப்பேட்டு என்பார்கள். அதில் அவளை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. எங்களோடு இருந்த என் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரைக்கு நாடா போட்டுக் கொடுப்பாள்.

அந்த வருஷம் எங்களுக்கு நூல் கொடுக்கும் நெசவாளர் சங்கத்துக்குப் பட்டு நூல் வரவில்லை. இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. தெருவில் ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. கடைசியில், காலையில் கண் விழித்தால் காக்காய் கத்துவது கேட்கும் அளவுக்கு எங்கள் தெரு அமைதியாகிவிட்டது. என் மனைவியின் தறியில் ஒரு ரெட்டைப்பேட்டுச் சேலை, முந்தானைக்கு இரண்டு முழம் இருக்கும்போது அப்படியே நின்றது. தினமும் காலையில் அதன் மேல் தூசி தட்டித் துணி போர்த்துவாள். "இன்னும் பத்து நாள் பாப்பேன். நூல் வரலன்னா சாயப்பட்டறைக்குப் போயிடறேன். பருத்தி நூலு அலச ஆள் கேக்கறாங்க" என்றாள். வெந்நீரிலும் சாயத்திலும் நாள் பூராவும் கை ஊறும் வேலை. பட்டு தொடுகிற கைக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. அந்தக் கை சொரசொரப்பானால் பட்டு இழை மாட்டிக்கொண்டு அறுந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் பட்டுச் சேலை பற்றி எழுத வருகிறாராம். கைத்தறி இலாகா அதிகாரி ஒருவர் கூட்டிக்கொண்டு வருகிறாராம். "உன் வூட்லியே வெச்சிக்கலாம்பா. இங்கிலீஷ்ல பேச நம்ம தெருவுல உன்ன உட்டா ஆளு ஏது?" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்து நிலைப்படியில் நின்றபடியே அறிவித்தேன்.

"நாளைக்கு நம் வீட்டில் பேட்டி!"

அவள் முகம் மலர்ந்தது. எழுந்தே விட்டாள். "பேட்டா? அப்ப நூல் வந்துட்ச்சா?"

"பேட்டு இல்லடீ, பேட்டி. வெளிநாட்டுக்காரர் கேள்வி கேப்பாரு. நான் பதில் சொல்லுவேன்."

அந்த முகம் எப்படி மலர்ந்ததோ அப்படியே வாடியது. ஆனால் ஒரு நிமிஷத்தில் சுதாரித்துக்கொண்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான். கூட ஆபீசரு வர்றாரில்ல? அவரு காதுல உழற மாதிரி நூல் வரலன்னு சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். அது ஒண்ணு சொன்னா போதும்."

"சொல்றேன்."

"மறந்துடுவீங்க."

"சொல்றேன்னா சொல்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் தயார். பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி, மேஜை, மேஜைக்கு விரிப்பு, விரிப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர். நியூஸ் ரீலில் தண்ணீர் இருந்தது. வாசலில் பாதித் தெரு நின்றது. தறி ஓடினால்தானே அவர்களுக்கு வேலை? வந்தவர் நெடுநெடுவென்று இருந்தார். உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, அதற்கும் உத்தரத்திடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். நான் போட்டு வைத்த நாற்காலியை விட்டுவிட்டுத் தறி ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஜைக்குப் பின்னால் நான் மட்டும் தனியாக, கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தறி எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று நினைத்து, அதே கேள்வியை ஒவ்வொரு வார்த்தையாக உரக்கக் கேட்டார் மனிதர். அதிகாரி வேறு குனிந்து, "தறி எவ்ளோ வருஷமா இருக்குதுன்னு கேக்கறாரு" என்று எனக்குத் தமிழில் மொழிபெயர்த்தார். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்த ரோஷம்தான் என்னைக் கெடுத்தது.

இதை நெய்வது யார் என்று அடுத்தபடி கேட்டார். தறியின் பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டு, தலையைச் சாய்த்துப் புன்னகைத்தேன். அவர் என்னைக் குழியில் உட்கார வைத்து, நாடாவைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். நானும் உட்கார்ந்தேன், சார். வெட்கமில்லாமல் உட்கார்ந்தேன். நாடாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று அக்கா பிறகு சொன்னாள்.

அப்புறம் அவர் போர்த்தியிருந்த துணியை மெதுவாக விலக்கி, நின்றுபோன சேலையைப் பார்த்தார். தறி ஏன் ஓடவில்லை, தெருவே சத்தமில்லாமல் இருக்கிறதே, ஏதாவது கஷ்டமா என்று கேட்டார்.

கேட்டுவிட்டார்! என் மனைவி எதைச் சொல்லச் சொன்னாளோ, அதை அவரே வாயைத் திறந்து கேட்டுவிட்டார். அதிகாரி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார். வாசலில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் துணி விலகியதைப் பார்த்துக் கேள்வி என்னவென்று புரிந்துவிட்டது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் பிரதமர் அல்லவா? வெளிநாட்டுக்காரர் முன்னால் வீட்டுக் குறையைச் சொல்வேனா? "நோ ப்ராப்ளம்" என்றேன். "அது எங்கள் உள்விவகாரம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். முகத்தைத் திருப்பி, "அடுத்த கேள்வி" என்றேன். திருப்பிய பக்கத்தில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை, பானைதான் இருந்தது. அதிகாரி முகம் பளிச்சென்று ஆனது. பேனாவைத் திறந்து ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டார்.

"நூல் சொன்னீங்களா?" என் மனைவி கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்றார் வந்தவர்.

"காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாள்."

என் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் காப்பி தெரியும். என் கையிலிருந்த நாடாவை வாங்கி, அதற்குள் இருந்த தார்க்குச்சியை உருவினாள். குறுக்கு நூலைச் சுற்றி வைக்கும் சின்னக் குச்சி அது. ஒரு இழைகூட இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதை அந்த மனிதரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கும்பிட்டார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நினைவுப் பரிசு என்று நினைத்துவிட்டான் மடையன் என்று நான் அவரைத் திட்டினேன்.

மூன்று வாரம் கழித்து நூல் வந்தது, எங்கள் தெருவுக்கு இல்லை. தலைவர் இலாகாவுக்குப் போய்க் கேட்டதற்கு, எங்கள் தெருவில் ஒரு குறையும் இல்லையென்று நேரில் விசாரித்து எழுதியிருப்பதாகச் சொன்னார்களாம். மற்ற தெருக்களுக்கு எல்லாம் கொடுத்து முடித்து எங்கள் முறை வர இரண்டரை மாதம் ஆயிற்று. தலைவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னாபா இது" என்று மட்டும் கேட்டார். படிப்பகத்தில் நான் பேப்பரைப் பிரித்தால் ஒவ்வொருவராக எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள்.

என் மனைவி சாயப்பட்டறைக்குப் போனாள். சாயங்காலம் முழங்கை வரை நீலமாகத் திரும்பி வருவாள். சோறு பிசையும்போது அந்த விரல்களைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருக்கும். பிரதமர் சும்மா இருந்தபோது அவர் மனசுக்குள் ஒரு தேசம் இருந்திருக்கும். நான் சும்மா இருந்தபோது எனக்குள் இருந்தது நான் ஒருவன்தான்.

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போடவில்லை.

"சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பேன்.

என்னைப் பார்ப்பாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். "நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்பாள்.

நாலு மாதம் கழித்து அந்தக் கட்டுரையை வெட்டிச் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குள் எங்கள் தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கட்டுரையில் என் படம் இல்லை. நின்றுபோன தறியும் தார்க்குச்சியும்தான் படத்தில் இருந்தன. வீட்டுக்கு எடுத்து வந்து, தறியில் இருந்தவளுக்கும் அக்காவுக்கும் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். விட்டுவிடலாமா என்று ஓரிடத்தில் நாக்கு தயங்கியது, ஆனாலும் சொன்னேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றும், அந்த வீட்டில் தனக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்றுதான், அதை ஒரு பெண் பேசாமல் தன் கையில் வைத்தாள் என்றும் எழுதியிருந்தார். மடையன் அவர் இல்லை.

அவள் கேட்டுக்கொண்டே நாடா போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

"அந்தக் குச்சிய அனுப்பச் சொல்லி ஒரு கடுதாசி போடுங்க. தறிக்கு ஒண்ணு கொறையுது" என்றாள்.

அன்றைக்கே உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினேன். குச்சியைக் கேட்டேன். நீங்கள் வந்தபோது எங்கள் தெருவில் நூல் இல்லை, தறிகள் நின்றிருந்தன, அந்தச் சேலையை நெய்தது நான் இல்லை, என் மனைவி என்று பக்கம் நிறைய எழுதினேன். எழுதியதை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நூல் இல்லைங்கறத இங்கிலீஷ்ல சொல்ல எத்தினி வார்த்தைங்க?"

மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் திரும்பி, நாடாவைப் போடச் சொன்னாள்.