பெட்டி ஆபீசர் காவல் நின்ற ஆலை

கப்பற்படையில் பத்து வருடம் இருந்துவிட்டு நான் மத்திகிரிக்குத் திரும்பியது அறுபதுகளின் கடைசியில். பாய்லருக்குத் தீ போடும் ஸ்டோக்கராகச் சேர்ந்து, கப்பலின் பாய்லர் அறையில் வெந்து, பரீட்சை எழுதி லீடிங் ஸ்டோக்கராகி, மறுபடி எழுதிப் பெட்டி ஆபீசர் ஆனவன். எட்டுப் பேர் எனக்குக் கீழே வேலை பார்த்தார்கள். கடலையே பார்த்திராத எங்கள் ஊரில் இதை விளங்கவைக்க முடியவில்லை.

"பெட்டி ஆபீசர்னா ஆபீசருங்க பெட்டியத் தூக்கறதுங்களா மாப்ள?" என்று மாமனாரே கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தெரியாமல் கேட்டார்.

ஓசூர்ப் பக்கத்துப் பட்டுநூல் ஆலை மேனேஜர் அப்படியல்ல. பெங்களூரில் படித்தவர். ஆங்கிலத்தில் இருந்த என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பாய்லருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன்.

"மிலிட்டரி ஆளு. கேட்ல நில்லு. சல்யூட் நல்லா அடிப்ப."

"சார், நான் பாய்லர்ல இருந்தவன். அதுலயே எழுதியிருக்கு."

"கப்பல் பாய்லர் இங்க செல்லாது. சர்டிபிகேட் இருக்கா?"

இல்லை. கப்பற்படைக்கு வெளியே அதற்குத் தனிப் பரீட்சை. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். காக்கிச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டேன். ஆலையில் பாய்லர் பார்த்த தெலுங்குக்காரப் பெரியவருக்கும் சர்டிபிகேட் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. விறகு வெட்ட வந்தவரை அப்படியே பாய்லர் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். சம்பளம் குறைவு, அதுதான் காரணம்.

ஒருநாள் காலையில் கேட்டில் நின்றிருந்தபோது பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் சத்தம் நின்றது. பத்து வருடம் அந்தச் சத்தத்தில் தூங்கியவன் நான். நின்றால் உடம்புக்கே தெரியும். உள்ளே ஓடினேன். பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் காலியாகக் கிடந்தது. அடியில் விறகு திகுதிகுவென்று எரிகிறது. பெரியவர் பதறிப்போய் மேல்தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடக் கை வைத்திருந்தார்.

"அண்ணா, தண்ணி விடாதீங்க! காஞ்ச இரும்பு, வெடிச்சிடும்!"

அவர் கையைத் தட்டிவிட்டு, கம்பியால் விறகை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். முழங்கை வரை மயிர் பொசுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர்த் தொட்டிகளில் பட்டுக்கூடு போட்டு நூலெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

மேனேஜர் வந்தார். பாய்லரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உன்ன யாரு உள்ள வரச் சொன்னது? கேட் தெறந்து கெடக்குது. அரைநாள் வேலை போச்சு. நீ வாட்ச்மேன், ஞாபகம் வெச்சுக்க."

அவர் பேசி முடித்ததும் என் கை தானாக மேலே போய் சல்யூட் வைத்தது. பழக்கம். அந்தக் கையை அங்கேயே வெட்டிப்போடலாம் போலிருந்தது. அவர்மேல் வந்த கோபம்கூட ஆறியிருக்கும். என்மேலேயே எனக்கு வந்த கோபம் ஆறவில்லை.

மறுநாள் மெமோ. காவலிடத்தை விட்டு அகன்றேனாம், உற்பத்தியைக் கெடுத்தேனாம். சாட்சிக்குப் பெரியவரின் கைரேகை வேண்டும் என்று அவர் கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தை நீட்டினார்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று நானே அவருக்குத் தெலுங்கில் சொன்னேன். அவர் கட்டைவிரலை வேட்டியில் அழுத்தித் துடைத்தார். "நேனு வேயனு" என்றார். வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது.

எங்கள் இருவரையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருடம் பரீட்சை எழுதித் தேறினேன். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் அருகே ஓர் ஆலையில் பாய்லர் வேலை கிடைத்தது. பெரியவரைக் கூட்டிப்போகத் தேடினேன். தேன்கனிக்கோட்டைக் காட்டுக்கு மறுபடி விறகு வெட்டப் போய்விட்டார் என்றார்கள். இரண்டு முறை போனேன். பார்க்கக் கிடைக்கவில்லை.