பஸ்ஸுல மூணாம் வகுப்பு

மழை லீவு, அதனால ஆன்லைன் கிளாஸ். மூணாவது படிக்கிற மக வீட்டுல. இருக்கிற ஒரே போன் என்கூட வேலைக்கு வருது.

அட்டெண்டன்ஸ் போயிரக் கூடாதேன்னு பாளையங்கோட்டை பஸ்ஸுல நின்னுக்கிட்டே, வீடியோவ அணைச்சுட்டு நானே கிளாஸ்ல சேந்தேன்.

டீச்சர் மக பேரச் சொல்லி, "பாடத்த வாசி"ன்னுட்டாங்க.

பதறிப்போயி, குரலச் சின்னப்பிள்ள மாதிரி ஆக்கி, ஸ்கிரீனப் பாத்து வாசிச்சேன்.

"என்னட்டி இவ்வளவு இரைச்சல்?"

"மழை, டீச்சர்."

"நல்லா வாசிக்கியே! தொண்டதான் கட்டியிருக்கு. அம்மாட்ட மிளகுப்பால் கேளு."

"கேக்கேன் டீச்சர்."

பக்கத்துல நின்ன அக்காவுக்குச் சிரிப்ப அடக்க முடியல.

அம்மாவுக்கு, அதான் எனக்கு, தகவல் வந்து சேந்துட்டு. மகளுக்குத்தான் பாடம் போய்ச் சேரல.

உங்க வீட்டுல யாரு படிக்காங்க?