அக்காவுக்குக் காது எட்டவில்லை

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே ஒரு பொய் சொன்னேன். மலாயா சுதந்திரத்துக்கு இரண்டு வருடம் முன்பு அது. எனக்கு ஏழு வயது, அக்காவுக்கு ஒன்பது. ஆனால் அவள் என் தோள் உயரம்தான் இருந்தாள்.

நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். அம்மா ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணி எடுத்து எனக்குக் கவுன் தைத்தால், மிச்சம் விழும் துண்டு அக்காவுக்குப் போதும். மூத்த பிள்ளைக்குச் சோறு போடுவதில்லை என்று அக்கம்பக்கத்தார் ஜாடை பேசுவார்கள். அக்கா என்னைவிட ஒரு கவளம் கூடவே சாப்பிடுவாள் என்பதை அம்மா யாரிடம் போய்ச் சொல்வாள்?

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். டவுனுக்குக் குடிவந்தபோது பிறப்புப் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டி தொலைந்துவிட்டது. பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குப் பெரிய வாத்தியார் ஒரு கணக்கு வைத்திருந்தார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் சேர்த்துக்கொள்வார். தொடாவிட்டால் அடுத்த வருடம் வரச் சொல்வார். அக்காவை ஏற்கெனவே இரண்டு முறை அப்படித் திருப்பி அனுப்பியிருந்தார்.

அந்த வருடம் அப்பா இருவரையும் அழைத்துப்போனார். எனக்கு முதல் தடவையிலேயே எட்டியது. அக்காவின் விரல்கள் காதுக்கு மேலேயே நின்றுவிட்டன. மெல்லத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வாத்தியார் தலையைப் பிடித்து நேராக நிமிர்த்தினார்.

“இவளுக்கு ஒம்பது வயசுங்கய்யா. அதுதான் சின்னது” என்று என்னைக் காட்டினார் அப்பா.

வாத்தியார் சிரித்தார். பிள்ளையைச் சீக்கிரம் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்லும் அப்பாக்களை அவர் நிறையப் பார்த்தவர். எங்கள் அப்பா கலப்படமில்லாமல் உண்மை சொல்வதே அபூர்வம், அன்று சொன்னதை நம்பத்தான் ஆளில்லை. வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. இவ உனக்கு அக்காவா, தங்கச்சியா?”

அக்கா என்னைப் பார்த்தாள். வீட்டில் எதற்கெடுத்தாலும் ‘நீ சின்னவ, சும்மா இரு’ என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு நாளாவது பெரியவளாக இருக்க ஆசை.

“தங்கச்சி” என்றேன்.

வரும் வழியில் அப்பா என் முதுகில் இரண்டு வைத்தார். அக்காதான் தடுத்தாள். “விடுங்கப்பா, அடுத்த வருசம் எட்டும்” என்றாள். அடுத்த வருடமும் எட்டவில்லை. தங்கைக்குக் கீழ் வகுப்பில் போய் உட்கார வேண்டாம் என்று அம்மா அவளை வீட்டோடு நிறுத்திவிட்டாள்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்துத்தான் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் காரணம் சொன்னார். மூளைக்கு அடியில் பயறு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். உடம்பை வளர்க்கும் நீர் அதில் ஊற வேண்டும், அக்காவுக்கு ஊறவில்லை. வெளிநாட்டில், இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து அதை எடுத்து ஊசியாகப் போடத் தொடங்கியிருக்கிறார்கள், கிடைப்பது கொஞ்சம், இங்கே இன்னும் வரவில்லை என்றார். அம்மா அழுதாள். எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாக இருந்தது. நான் தங்கச்சி என்று சொன்னதால்தான் அவள் வளரவில்லை என்று அதுவரை உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

அந்த ஊசியை அன்று யாராலும் அவளுக்கு வாங்கித் தந்திருக்க முடியாது. பள்ளிக்கூடம் அப்படியில்லை. நான் படித்த காலத்தில், பள்ளிவிட்டு வீடு திரும்பியதும், கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, “இன்னிக்கு என்னா சொல்லிக் கொடுத்தாங்க?” என்று அக்கா தினமும் கேட்பாள். என்மேல் உள்ள பாசத்தில் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். விளையாடப் போகும் அவசரத்தில், “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன்.