முத்திரையைச் சுரண்டிய ராஜேஸ்வரி அக்கா

கோவில்பட்டி பஸ் நிலையச் சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்துத்தான் ராஜேஸ்வரி அக்கா இறந்துபோனது எனக்குத் தெரிந்தது. அவர் ஒரு காலத்தில் வேலை பார்த்த எண்ணெய் ஆலையின் முதலாளி அதை ஒட்டியிருந்தார். ‘தரம் காத்த தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்து. அக்காவின் படத்துக்குக் கீழே ஆலையின் நல்லெண்ணெய் டின், டின்னின் மேல் அரசு முத்திரை. அக்காவை அறிந்தவர்கள்கூட அந்தச் சுவரொட்டியை நம்பிவிடக்கூடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பசுவந்தனை. கரிசல்காட்டில் விவசாயம் பார்த்த சம்சாரி வீட்டுப் பெண், வேதியியல் படித்தவர். எழுபதுகளின் கடைசியில் அந்த ஆலையில் பரிசோதகராக இருந்தார். நான் எண்ணெய்க்கும் நெய்க்கும் தரச்சான்று கொடுக்கும் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். விதி எளிமையானது: அக்கா சோதித்துக் கையெழுத்துப் போட்ட எண்ணெய் டின்னில் மட்டுமே நாங்கள் கொடுக்கும் முத்திரைச் சீட்டை ஒட்டலாம். சீட்டு வாங்க வந்த ஒரு நாள் என் பக்கத்தில் நின்று மூக்கைச் சுளித்தார்.

“தம்பி, தலைக்கு என்னத்தத் தேச்சிருக்க?”

“நல்லெண்ணெய்க்கா.”

“பேரு மட்டுந்தான் நல்லது” என்று சிரித்தார்.

பிறகு அந்தக் காலை வந்தது. அக்கா ஆலைக்குள் நுழைந்தபோது, அவர் சோதிக்காத டின்கள் முத்திரையோடு லாரிக்குத் தயாராக நின்றன. ஒன்றைத் திறந்து சோதித்தார். குழாயில் எண்ணெய் சிவந்தது. பருத்தி விதை எண்ணெய் கலந்ததற்கு அது அடையாளம். முதலாளி பதறவில்லை. “நீங்க கையெழுத்த மட்டும் போடுங்கம்மா, எண்ணெய நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாராம்.

அக்கா அந்தக் கண்ணாடிக் குழாயைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் அதிகாரி, ஆலையிலிருந்து வந்த அல்வாவைத் தின்றுகொண்டிருந்தார். குழாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. “இதெல்லாம் ஆலைக்குள்ளயே பேசித் தீக்க வேண்டியது” என்றவர், என்னைக் கூப்பிட்டு, ‘நேரில் ஆய்வு செய்யப்பட்டது, தரம் திருப்தி’ என்று அடிக்கச் சொன்னார். விரலில் நெய்ப் பிசுக்கோடு அவர் கையெழுத்துப் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடிக்கும்போது அக்கா என் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

“நீ பாத்தியா தம்பி?”

“இல்லக்கா.”

“பாக்காமலா அடிக்குத?”

நான் நிறுத்தவில்லை. அதை அடித்த என் விரல்களை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது.

அக்கா நேரே ஆலைக்குத் திரும்பினார். ஒரு வாளித் தண்ணீரும் கத்தியுமாக உட்கார்ந்து, டின் டின்னாக முத்திரையைச் சுரண்டினார். சுமை தூக்குபவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடுக்க ஒருவரும் கிட்டே போகவில்லை. சாயங்காலம் ஈரம் சொட்டும் பையைக் கொண்டுவந்து அதிகாரியின் மேஜையில் கவிழ்த்தார். “சீட்டு ஒங்க சொத்து சார். எண்ணெய் அவுகளோடது. ரெண்டையும் பிரிச்சிட்டேன்.”

மறுநாளே வேறு சீட்டு போனது. லாரியும் போனது. அரசு முத்திரையைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி அக்காவின் பரிசோதகர் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். அந்த உத்தரவை அடித்ததும் நான்தான். அதன்பின் எந்த ஆலையும் அவரைச் சேர்க்கவில்லை. கயத்தாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தார். அதிகாரி பதவி உயர்ந்து போனார். முத்திரை ஒட்டிய டின்கள் இன்றும் கடைத்தெரு முழுக்க அடுக்கியிருக்கின்றன.

போன வருஷம் கயத்தாறு பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைய மன்னிச்சிருங்கக்கா” என்றேன்.

அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். “எங்கிட்ட எதுக்குக் கேக்க? அந்த எண்ணெய நானா தின்னேன்?”

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அவர் எனக்கு மன்னிப்புத் தரவில்லை. தராமல் போனாரே, அவர் நினைவாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.